நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்

கேள்வி: சேற்று விதைப்பில் சம்பா போட்டிருக்கிறேன். பிஸ்பைரிபேக் சோடியம் களைக்கொல்லி அடித்தும் குதிரைவாலிப் புல் சாகவில்லை. நெல் எது, புல் எது என்று களை எடுக்கும் பெண்களுக்கே தெரியவில்லை. புல் மருந்துக்குப் பழகிவிட்டதாம், இரண்டு மடங்கு அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?
- மன்னார்குடி விவசாயி

பதில்: வேண்டாம். 10 சதவீத பிஸ்பைரிபேக் ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி போதும். புல் நான்கு இலையைத் தாண்டிய பிறகு அளவைக் கூட்டினால் நெல்தான் மஞ்சளாகும். பெனாக்ஸுலம் என்ற இன்னொரு களைக்கொல்லியும் புல்லை அதே இடத்தில்தான் தாக்குகிறது. புது டப்பா என்று வாங்கி ஏமாறாதீர்கள். கடைக்காரருக்கு டப்பா விற்றால் சரி.

எந்தப் புல்லும் தன் ஆயுளில் மருந்துக்குப் பழகுவதில்லை. லட்சத்தில் ஒன்றிரண்டு செடிகள் பிறவியிலேயே தாக்குப்பிடிப்பவை. மற்றதையெல்லாம் கொன்று, அவற்றை மட்டும் விதை கட்ட விட்டது நாம்தான்.

நெல் போன்ற தோற்றமும் அப்படி வந்ததே. தூர் சிவந்து, படர்ந்து கிடந்த புல் கண்ணில் பட்டுப் பிடுங்கப்பட்டது. பச்சைத் தூரோடு நிமிர்ந்து நின்றது தப்பியது. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்த நெல் வேடம் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் உருவானதாக மரபணு ஆய்வு மதிப்பிடுகிறது. ஒரு குணம் விதை வழியே இறங்க வேண்டும். செடியைக் காப்பாற்றியதாலேயே அது பெருகியிருக்கவும் வேண்டும். அதைத்தான் பரிணாமத் தகவமைப்பு என்கிறோம். நெருக்கத்தில் நிமிர்வதும் வரப்பில் படர்வதும் ஒரே விதைக்கும் நடக்கும். அது இடத்தால் வருவது, வேறு கதை. சந்தேகமிருந்தால் வயல் புல் விதையையும் வரப்புப் புல் விதையையும் இரண்டு தொட்டிகளில், ஒரே மண்ணில், ஒரே இடைவெளியில் போட்டுப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது விதையில் இருக்கிறது.

ஆட்களுக்கு ஓர் அடையாளம் சொல்லிக்கொடுங்கள். இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்கினால், நெல்லில் வெள்ளைச் சவ்வும் மயிருள்ள சிறு கொக்கியும் தெரியும். இந்தப் புல்லில் இரண்டும் கிடையாது.

இத்தனை புல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நெல் அறுப்பதற்குள் அது முற்றி, விதையை உங்கள் வயலிலேயே கொட்டிவிடுகிறது. மிச்சம் நீங்கள் சல்லடையில் சலிக்காமல் விதைத்த நெல்லோடு வருகிறது. அடுத்த பருவம் விதைக்கும் முன் தண்ணீர் பாய்ச்சிப் புல்லை முளைக்கவிட்டு, மடக்கிச் சேறடியுங்கள். இப்போதைக்கு மருந்துக் காசை ஆள்கூலிக்கு மாற்றுங்கள். புல்லின் கதிர் தலைகாட்டியதும் கிள்ளிச் சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள், வரப்பில் வீசிவிடாதீர்கள்.