தம்பி இட்ட கையெழுத்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். ஹெராயின் கடத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கில் என் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். சென்ற வாரம் அவனுக்கு ஆறு ஆண்டுச் சிறையும் ஆறு பிரம்படியும் விதிக்கப்பட்டன. சாங்கி சிறையில் பார்க்கச் சென்றபோது, வைத்திருந்தது முழுவதும் தன் சொந்தப் பயன்பாட்டுக்கே என்றும், விசாரணை ஆங்கிலத்தில் நடந்ததால் பாதி புரியாமலே வாக்குமூலத்தில் கையெழுத்திட்டதாகவும் சொன்னான். அம்மாவோ, "அவனே ஒத்துக்கிட்டான், இனி வெளியே பேசி மானத்தை வாங்காதே" என்கிறார். நான் பேஸ்புக்கில் எழுதலாமா? குடும்பத்தினரால் வேறு என்னதான் செய்ய முடியும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நாள் ஓடிக்கொண்டிருப்பதால் முக்கியமான செய்தியை அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் உள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று, உங்கள் ஒப்புதலுடன், அடையாளங்களை நீக்கி இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன் செய்யவேண்டிய ஆயத்தமாகக் கொள்ளுங்கள்.

தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கப்பட வேண்டும். சிறையில் இருப்பவர் அதைச் சிறை அதிகாரியிடம் எழுத்திலோ வாய்மொழியாகவோ தெரிவித்தாலே போதும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. கெடு கடந்த பின்னும் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்றாலும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

இனிக் கசப்பான செய்தி. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்க்க முடியாது. கடுமையான அநீதி நேர்ந்திருந்தால் உயர் நீதிமன்றம் தன் மறுஆய்வு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தலையிடலாம் என்றாலும், அந்த வாசல் மிகக் குறுகியது. அதனால், "தம்பி நிரபராதி" என்று சொல்வதைவிட, எந்த இடத்தில், எந்தத் தாளில் தவறு நேர்ந்தது என்று காட்டுவதே உங்கள் வேலை.

ஹெராயின் வழக்குகளில் இது இன்னும் முக்கியம். ஹெராயினின் போதைப்பொருளான தூய டயமார்ஃபின் 2 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலே, கடத்துவதற்காக வைத்திருந்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் என்று நிறுவும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. அதோடு, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி வாக்குமூலம் வாங்கும்போது சொல்லாமல் விட்ட தற்காப்பைப் பின்னர் சொன்னால், நீதிமன்றம் அதை ஐயத்துடன் பார்க்கலாம். வழக்கறிஞர் பக்கத்தில் இல்லாமல் பேசும் ஒருவர் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் நடப்புச் சட்டம் இதுதான்.

மொழிச் சிக்கல் வெறும் சாக்கு அல்ல. இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானியை உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் திருட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தபோது, வாக்குமூலங்கள் பதிவானபோது பஹாசா இந்தோனேசியா மொழிபெயர்ப்பாளர் இல்லாததையும் நீதிபதி கருத்தில் கொண்டார். அதே சமயம், கஞ்சா கடத்தல் தொடர்பில் 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையாவின் வழக்கில், வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டதாக அவர் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. நீதிமன்ற விசாரணையின்போதுதான் அவர் அதை முதன்முதலில் கிளப்பினார். மொழிக் குறையை எப்போது, யாரிடம் முதலில் சொன்னார் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

அடுத்த சந்திப்பில் அழுவதற்கு நேரம் செலவழியாமல் இருக்க, கேள்விகளை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தை எழுதியவர் யார், படித்துக் காட்டினாரா, எந்த மொழியில், தம்பி திருத்தம் கேட்டாரா, தன் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னாரா? இவற்றினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: நீதிமன்றத்தில் வழக்கின் விவரங்களை வாசித்து, எந்த நிபந்தனையும் இன்றி ஏற்கிறீர்களா என்று கேட்டபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, இருந்தும் ஏன் ஏற்றார்? நீதிபதி முதலில் கேட்கப்போவது இதைத்தான். வீடு திரும்பியதும் பதில்களைத் தேதியிட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

பிறகு குற்றச்சாட்டுத் தாள், வழக்கு விவர அறிக்கை, தண்டனைக் குறைப்புக்காகச் சமர்ப்பித்த மனு ஆகியவற்றைப் பழைய வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவருடைய கட்சிக்காரர் உங்கள் தம்பி, நீங்கள் அல்ல. எனவே தம்பி எழுதிக் கொடுத்த ஒப்புதல் இல்லாமல் அவர் எதையும் தரமாட்டார், அதற்காக அவரைக் கோபிப்பதில் பயனில்லை. கட்டணம் கட்ட முடியாத குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பர் முதல் குற்ற வழக்குகளில் வாதாடும் அரசாங்கத்தின் பொதுத் தற்காப்பு அலுவலகம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டமும் உண்டு. இரண்டும் வருமானத்தோடு, வழக்கில் வலு இருக்கிறதா என்பதையும் பார்க்கும்.

பேஸ்புக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீதிமன்றங்களை நியாயமாக விமர்சிக்க இடமுண்டு. ஆனால் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி எழுதுவது, 2016இல் இயற்றப்பட்ட நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவமதிப்பாகக் கருதப்படலாம். அம்மா கேட்கும் மௌனம் வேறு. மானத்துக்கு அஞ்சி வழக்கறிஞரிடம்கூடப் போகாமல் கெடுவைத் தவறவிட்ட வீடுகள் நம்மிடையே நிறைய.

கடைசியாக, மேல்முறையீட்டில் தண்டனை குறையலாம். நீதிமன்றத்துக்கு அதைக் கூட்டவும் அதிகாரம் உண்டு. இதைத் தம்பிக்கு ஒளிக்காமல் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள்.