ஆர்யா போன பாதையில் ஒரு பஸ்

கேள்வி: மகள் டப்ளினில் இருக்கிறாள். மே மாதம் அவளிடம் போகிறேன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் எட்டு சீசனையும் அவளோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். நேரில் பார்த்தால் சப்பென்று ஆகிவிடுமோ என்று பயம். நீங்கள் போய் வந்தவர், உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில்: எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் டப்ளினில் ஏறாதீர்கள். அங்கே விடிகாலையில் கிளம்பும் பஸ் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும், இரவு திரும்பவும் அதே இரண்டு மணி நேரம். முதல் நாளே பெல்ஃபாஸ்ட் போய் ஒரு ராத்திரி தங்கிக் காலையில் அங்கே ஏறுங்கள். ஏறியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1832 முதல் 1842 வரை போட்ட ஆன்ட்ரிம் கடற்கரைச் சாலை அது. வடக்கே போகும்போது கடல் முழுக்க வலப்பக்கம்தான்.

சப்பென்று ஆகுமா? ஓரிடத்தில் எனக்கு ஆனது. ஆறாம் சீசனில் கத்திக்குத்துப் பட்ட ஆர்யா என்ற பெண் தண்ணீரிலிருந்து தவழ்ந்து கரையேறும் படிகள் கார்ன்லாக் என்ற ஊரில் இருக்கின்றன. சின்னத் துறைமுகம், நாலைந்து படகுகள், பாசி பிடித்த கல்படி, அவ்வளவுதான். அந்த சீசனில் கதைப்படி அவள் இருக்கும் பிராவோஸ் நகரத் தெருக்களை எடுத்தது ஸ்பெயினில், ஜிரோனாவில். ஒரே ஓட்டமாக நாம் பார்த்ததை இரண்டு நாட்டில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி அந்தக் காட்சியின் படத்தைத் தூக்கிப் பிடித்து, “இந்தப் படிக்கு மேலே பாருங்கள்” என்றார். அதன்பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அவர் பேசும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். செல்ஃபி பிறகு எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வந்தவர் அதே தொடரில் படைவீரர்களில் ஒருவராக நின்றவர். மழையில் ஊறிய கம்பளி அங்கி எவ்வளவு கனக்கும் என்று தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். அதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டேன்.

பாலின்டாய் துறைமுகம் வேறு மாதிரி. தியான் என்ற இளைஞன் வீடு திரும்புகிற, கதையில் வரும் பைக் தீவு அதுதான். கோட்டை கம்ப்யூட்டரில் வரைந்தது, அங்கே தேடாதீர்கள். ஆனால் அந்தக் கறுத்த பாறை, சாம்பல் நிறக் கடல், முகத்தில் அறைகிற காற்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. பஸ்காரர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றபோது, அப்பாவின் முகம் பார்க்க வந்த அந்தப் பையன் மேல் எனக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது. வீட்டில் டிவி முன்னால் அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

நீங்கள் அவசரமாகப் பார்க்க வேண்டியது டார்க் ஹெட்ஜஸ். இரண்டாம் சீசன் முதல் எபிசோடில் ஆர்யா பையன் வேஷத்தில் வண்டிகளோடு போகும் சாலை. திரையில் சில விநாடிதான் வருகிறது. கிரேஸ்ஹில் மாளிகைக்குப் போகும் வழி அழகாக இருக்க வேண்டும் என்று ஸ்டூவர்ட் குடும்பத்தார் 1775 வாக்கில் வைத்த பீச் (beech) மரங்கள் அவை. ஆரம்பத்தில் சுமார் 150 இருந்தன. பீச் மரத்துக்கு இருநூற்றைம்பது வயது என்பது முதுமை. 2016 ஜனவரிப் புயலில் இரண்டு சாய்ந்தன. அந்தக் கட்டையில் பத்துக் கதவுகள் செய்து, தொடரின் காட்சிகளைச் செதுக்கி, வட அயர்லாந்து முழுக்க மது விடுதிகளில் மாட்டியிருக்கிறார்கள். 2017-இல் அந்தச் சாலையில் வண்டிகளைத் தடுத்தார்கள், பஸ் தள்ளித்தான் நிற்கும், நடந்து போக வேண்டும். 2023 நவம்பரில் விழும் நிலையில் இருந்த ஆறு மரங்களை வெட்டினார்கள். நான் போனபோதே வரிசையில் ஆங்காங்கே வானம் தெரிந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போட்டோவுக்காக வேர் மேல் ஏறி மட்டும் நிற்காதீர்கள்.

கேள்வி: தொடரையே பார்க்காத என் கணவரும் வரலாமா?

பதில்: தாராளமாக. பெரும்பாலான பஸ்கள் ஜயண்ட்ஸ் காஸ்வேயிலும் நிற்கும். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடித்து உண்டான சுமார் 40,000 கல்தூண்கள், 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. தொடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவருக்கு அந்த ஓர் இடமே போதும். முடிந்தால் முதல் சீசனையும் இரண்டாம் சீசனின் முதல் நாலு எபிசோடையும் காட்டிவிடுங்கள். படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்றான குஷெண்டன் குகையில் மெலிஸாண்ட்ரே என்ற மந்திரக்காரி நிழல் உருவத்தைப் பெற்றெடுப்பது அந்த நாலாவதில்தான் வருகிறது.

கேள்வி: அயர்லாந்து விசா மட்டும் இருந்தால் போதுமா? வழியில் சோதனையே கிடையாது என்கிறார்களே?

பதில்: வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் வழக்கமாக யாரும் பஸ்ஸை நிறுத்துவதில்லை என்பது உண்மை. அதற்காக விசா இல்லாமல் போகலாம் என்று அர்த்தமில்லை, மாட்டினால் சிக்கல் மகளுக்கும் சேர்த்துத்தான். இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசா ஏற்பாடு உண்டு. அதன்படி கொடுத்த ஐரிஷ் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்று ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அது இருந்தால் முதலில் டப்ளினில் இறங்கிவிட்டு பெல்ஃபாஸ்ட் போகலாம். இல்லையென்றால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும். மகள் பஸ் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த எழுத்துகளைப் பாருங்கள்.