வளர்ச்சி யார் கையில்? (கடிதம்)

வணக்கம்.

நாங்கள் வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டியில் (மாவட்டம் போன்றது), பர்ஸல்வில்லுக்கு வெளியே இருக்கிறோம். கவுண்டியின் கிழக்குப் பக்கத்து ஆஷ்பர்ன் நெரிசல் வேண்டாமென்று இங்கே வந்தவர்கள். குடியுரிமை கிடைத்தபின் உள்ளூர்த் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போடப்போகிறேன். 2027இல் சூப்பர்வைசர் பதவிக்கு (கவுண்டியை நடத்தும் குழுவின் உறுப்பினர்) நிற்க இருப்பவர் ஒருவர் வீடுவீடாக நோட்டீஸ் கொடுத்துப் போனார். அவருடைய முன்னுரிமைகள்: கிராமப்புறத்தைக் காப்பது, சாலைகளைச் சீராக்குவது, பள்ளிகளுக்குக் கூடுதல் பணம், டேட்டா சென்டர்களைத் தடுப்பது, சொத்து வரியைக் குறைப்பது. எல்லாமே நல்லதாகத்தான் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது? பக்கத்துப் பண்ணை வேறு விலைக்கு வந்திருக்கிறது. வீடுகள் முளைத்துவிடுமோ என்று பயம். ஆனால் நானே நேற்று வந்தவன், இதைப் பேச எனக்கு என்ன வாய் என்ற கூச்சமும் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பட்டியலிலிருந்து சாலையை அடித்துவிடுங்கள். வர்ஜீனியாவில் கவுண்டிச் சாலைகள் 1932ஆம் ஆண்டிலிருந்தே மாநிலத்தின் பொறுப்பு. ஆர்லிங்டனும் ஹென்ரைக்கோவும் மட்டும் விலக்கு. உங்கள் வீட்டெதிரே சரளைச் சாலையில் குழி விழுந்தால் வரவேண்டியவர்கள் மாநிலத் தலைநகர் ரிச்மண்டின் ஆட்கள். கவுண்டி பணம் போடலாம், எது முதலில் என்று சொல்லலாம், அவ்வளவுதான். பள்ளியிலும் பாதி அதிகாரம்தான். பள்ளி வாரியம் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதற்கு வரி போடும் உரிமை கிடையாது, பணம் சூப்பர்வைசர்களிடமிருந்து வரவேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது டில்லன் விதி. 1868இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் எழுதிய தீர்ப்பு. மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிக்கு உண்டு என்கிறது. வர்ஜீனியா இதைக் கறாராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "பள்ளியில் இடமில்லை, அதனால் வீடு கட்டாதே" என்று சொல்லக்கூட உங்கள் கவுண்டிக்கு வழியில்லை. மிஞ்சுவது ஜோனிங், அதாவது எந்த நிலத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் விதி. ஒன்பது பேர் கொண்ட சூப்பர்வைசர்கள் குழுவில் உங்கள் சூப்பர்வைசருக்கு இருக்கும் மெய்யான ஆயுதம் ஜோனிங் மீதான ஓட்டுதான். அதை எப்படிப் போடுவார் என்று நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள்.

இப்போது பண்ணைக்கு வருகிறேன். புது ரீஜோனிங் (ஒரு நிலத்துக்கான அந்த விதியை மாற்றுவது) எதையும் அனுமதிக்க மாட்டேன் என்று வேட்பாளர்கள் முழங்குவார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் உங்கள் மேற்கு லவுடனில் வீடுகள் பெரும்பாலும் ரீஜோனிங் வழியாக வருவதில்லை. நிலத்தோடு ஏற்கெனவே வரும் உரிமை இருக்கிறது. இத்தனை ஏக்கருக்கு இத்தனை வீடு என்ற கணக்குக்குள் இருந்தால் குழுவின் ஓட்டே தேவையில்லை. பில்டர் வரைபடத்தைக் கொடுப்பார், விதிக்குப் பொருந்தினால் அதிகாரிகள் கையெழுத்திட்டாக வேண்டும். ரீஜோனிங்கில் பில்டரிடம் பேரம் பேசிப் பள்ளிக்கும் சாலைக்கும் வாங்கும் பங்கும் இதில் கிடையாது.

போதாததற்குக் கிளஸ்டர் முறை. வீடுகளை ஒரு பக்கம் நெருக்கிக் கட்டி மிச்சத்தைத் திறந்தவெளியாக விடுவது. காகிதத்தில் அழகு. ஆனால் அங்கே பொதுச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அதற்கு நீர் இறங்கும் ஆழமான மண் வேண்டும், அதாவது பயிருக்கும் உகந்த மண். எனவே நல்ல மண்ணில் வீடுகள் உட்கார, திறந்தவெளியாகப் பாறையும் சரிவும் எஞ்சுகின்றன. தண்ணீரும் பாறை இடுக்கிலிருந்து போர் போட்டு எடுப்பது. மேற்கில் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கிறது, டேட்டா சென்டர் கோஷங்களில் இல்லை.

இந்த உரிமையைக் குறைக்க முடியுமா? ஒருமுறை முயன்றார்கள். வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவோம் என்றவர்கள் 1999 தேர்தலில் வென்று, 2003 தொடக்கத்தில் மேற்கின் வீட்டுக் கணக்கை வெகுவாகக் குறைத்தார்கள். வழக்குகள் குவிந்தன. அந்த ஆண்டுத் தேர்தலிலேயே பெரும்பான்மை போனது. 2005 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. காரணம், பத்திரிகையில் கொடுத்த பொது அறிவிப்பு சட்டப்படி போதுமானதாக இல்லை! மட்டுப்படுத்திய வடிவத்தில் மறுபடி நிறைவேற 2006 ஆயிற்று. இடைவெளியில் நிலத்தைப் பிரித்துக்கொள்ள முந்தியவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கிராமத்தைக் காப்பேன் என்பவருக்கு இந்தக் கதை தெரியுமா என்று பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். தெரியாதவர் என்றால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

டேட்டா சென்டரும் வரியும் ஒரே நோட்டீஸில் இருப்பது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. 1990இல் உங்கள் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 86,000. 2020இல் 4,21,000. இத்தனை பேருக்கும் பள்ளி கட்டிய பிறகும் 2011இல் நூறு டாலர் மதிப்புக்கு 1.285 டாலராக இருந்த வீட்டுவரி விகிதம் 2025இல் 0.805க்கு இறங்கியது. (வீட்டு மதிப்பு ஏறியதால் நீங்கள் கட்டும் தொகை அப்படி இறங்கியிருக்காது என்பது வேறு.) அது சாத்தியமானதற்குப் பெரிய காரணம் ஆஷ்பர்ன் பக்கம் ஜன்னலில்லாமல் நிற்கும் கட்டடங்களுக்குள் இருக்கும் சர்வர்கள் மீதான வரி. தன் ஓட்டு இல்லாமலே டேட்டா சென்டர் கட்ட இருந்த உரிமையைக் குழு 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது. நல்ல முடிவு என்பேன். இனி தடுக்கலாம். ஆனால் தடுத்துவிட்டு வரியையும் குறைத்துப் பள்ளிக்கும் கூடுதலாகக் கொடுப்பது எந்தப் பணத்தில்? அவற்றுக்கான உயர் மின்னழுத்தக் கம்பிகள் மேற்கே யார் நிலத்தின்மீது போகும் என்பதையோ கவுண்டி முடிவு செய்வதில்லை. அது மாநில ஆணையத்தின் கையில்.

நான் பொடோமக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேரிலாந்தின் மாண்ட்காமரி கவுண்டியில் இருக்கிறேன். இங்கே 1980இல் கவுண்டியின் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 93,000 ஏக்கரை, விவசாய ஒதுக்கீடாக அறிவித்தார்கள். 25 ஏக்கருக்கு ஒரு வீடு. இழந்த உரிமையை விவசாயி நகர்ப்பக்கத்து பில்டருக்கு விற்றுக்கொள்ளலாம். அதனால்தான் அது நிலைத்தது. இலவசமாக நிலைக்கவில்லை, இங்கே வீட்டு விலை ஏறியிருப்பதில் அதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆற்றைக் கடக்கும் வைட்ஸ் ஃபெர்ரி படகு 2020 டிசம்பரில் நின்றபின் உங்கள் பக்கம் வர நான் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் பாலம்வரை சுற்றவேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்ற பேச்சை மாண்ட்காமரி எதிர்த்துவருவதற்கு இந்த ஒதுக்கீடும் ஒரு காரணம்.

உங்கள் கூச்சம் பற்றி. ரயில் பெட்டியில் ஏறியதும் கதவைச் சாத்துகிறவர் என்று பேசுவார்கள், பேசட்டும். நிலத்தை விற்கிறவர்கள் பல தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். வயதான பண்ணைக்காரருக்கு அந்த நிலம்தான் ஓய்வூதியம். அவரை வில்லனாக்காத வேட்பாளரைத் தேடுங்கள். பண்ணைக்காரர் தன் கட்டும் உரிமையை விட்டுக்கொடுக்க விலை தரும் திட்டம் ஏதும் உங்கள் ஆளிடம் உண்டா?

லீஸ்பர்க் நீதிமன்றப் பதிவேட்டில் அந்தப் பண்ணைமீது பாதுகாப்பு ஈஸ்மென்ட் (நிலத்தில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் பத்திரம்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யார் வாங்கினாலும் அது கட்டுப்படுத்தும். விவசாய நிலத்துக்கான வரிச்சலுகை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை நம்பவேண்டாம். பயன்பாட்டை மாற்றினால் சலுகையில் மிச்சமான ஐந்தாண்டு வரியை வட்டியோடு கட்டவேண்டும். எந்த பில்டரும் அதை முதல் நாளே செலவுக் கணக்கில் சேர்த்திருப்பார்.