கேளுங்கள், சொல்கிறோம்: ஃப்ரோலுண்டா ஊரா, கழகமா?

கே: ஐயா, எங்கள் பெரிய அக்கா சுவீடனில் கொத்தன்பேர்க் நகரத்தில் இருக்கிறார். லீவுக்கு வந்த அவரின் மகன் 'ஃப்ரோலுண்டா' என்ற ஐஸ் ஹொக்கி அணியின் சட்டையை மூன்று நாளாகக் கழற்றவே இல்லை. கேட்டால் "அது எங்கட கழகம் சித்தி" என்கிறான். ஃப்ரோலுண்டா என்பது ஊரா, கழகமா? நகரத்துப் பெயரை விட்டுவிட்டு ஏன் ஒரு மூலையின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்?
- வாசகி, கல்லடி

ப: இரண்டும்தான் சகோதரி. கொத்தன்பேர்க் சுவீடனின் இரண்டாவது பெரிய நகரம், மேற்குக் கடற்கரையில் இருக்கிறது, அங்குள்ளவர்கள் யோத்தெபோரி என்பார்கள். அதன் தென்மேற்கே வெஸ்ட்ரா ஃப்ரோலுண்டா என்று ஒரு நாட்டுப்புறப் பகுதி இருந்தது. வெஸ்ட்ரா என்றால் மேற்கு. 1945இல் அதை நகரத்தோடு சேர்த்தார்கள், அறுபதுகளில் வயல்வெளி எல்லாம் அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. ஆனால் கழகம் அதற்கு முந்தியது. 1930இல் வெஸ்ட்ரா ஃப்ரோலுண்டா விளையாட்டுக் கழகம் தொடங்கியது, 1938இல் அதற்குள் ஐஸ் ஹொக்கிப் பிரிவு வந்தது. கல்லடியும் மட்டக்களப்பு மாநகரத்துக்குள்தான் இருக்கிறது, அதற்காக உங்கள் ஊர்க் கழகத்தின் பெயரை யாராவது மாற்ற விடுவீர்களா? அவர்களும் விடவில்லை.

இந்த விளையாட்டே சுவீடனுக்கு வந்தது வெளியில் இருந்துதான். சினிமாத் தொழிலுக்காக வந்த ராவுல் லெ மாட் என்ற அமெரிக்கர் 1920இல் ஆட்களைச் சேர்த்து ஒரு தேசிய அணியை உருவாக்கி ஒலிம்பிக்குக்கே கொண்டு போனார். இன்றும் சுவீடன் சாம்பியனுக்குக் கொடுக்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் விளையாடி வளர்ந்த நமக்கு இது நன்றாகவே விளங்கும். அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு யேசு சபைத் துறவி இங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியதை இன்னமும் நன்றியோடு சொல்கிறவர்கள் நாம்.

சரி, கழகத்துக்கு வருகிறேன். முதல் இருபது வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 1960இல் செடெர்டேல்யே என்ற ஊர் அணியில் இருந்து லார்ஸ் எரிக் லுண்ட்வால், ரொனால்ட் பெட்டர்சன் என்று இரண்டு தேசிய அணி வீரர்கள் வந்து சேர்ந்தார்கள், லுண்ட்வால் விளையாடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார், அடுத்த வருடம் உல்ஃப் ஸ்டேர்னர் என்ற இளைஞரும் வந்தார், அதோடு நகரமே இந்த அணியின் பக்கம் திரும்பிவிட்டது. 1962 டிசம்பரில் உல்லெவி என்ற திறந்த மைதானத்தில் ஸ்ரொக்ஹோம் அணியான யூர்கோர்டனோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க 23,000க்கும் மேற்பட்டவர்கள் குளிரில் வந்து நின்றார்கள். 1965இல் முதல் தடவையாகச் சாம்பியன் ஆனார்கள். அதே வருடம் ஜனவரியில் ஸ்டேர்னர் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக இறங்கினார், ஐரோப்பாவில் பழகிய ஒருவர் வட அமெரிக்காவின் பெரிய லீக்கில் விளையாடியது அதுதான் முதல் முறை.

அப்புறம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் வருகிறது. அடுத்த கோப்பைக்கு 38 வருடம் காத்திருந்தார்கள். முதல் கோப்பையைப் பார்த்த பெடியன் பேரப்பிள்ளை காணும் வயதுக்கு வந்துவிட்டான்! இடையில் 1971இல் 12,000 பேர் இருக்கக்கூடிய ஸ்கண்டினேவியம் அரங்குக்குப் போனார்கள், 1984இல் ஹொக்கிப் பிரிவு தாய்க் கழகத்தை விட்டுத் தனியானது, எண்பதுகளில் சில வருடம் மேல் பிரிவிலேயே இல்லை. அந்தக் காலத்தில் கழகத்தைக் கைவிடாதவர்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2003இல் கோப்பை திரும்பி வந்தது, பிறகு 2005, 2016, 2019. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கையும் நான்கு தடவை வென்றிருக்கிறார்கள்.

உங்கள் பெறாமகன் "எங்கட கழகம்" என்பது வாய்ப்பேச்சு இல்லை. சுவீடனில் கழகங்களின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்கவேண்டும் என்பது விதி. எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் முழுதாக வாங்கிப் போக முடியாது. சந்தா கட்டி அவன் உறுப்பினராகிவிட்டால், வயது வந்ததும் ஆண்டுக் கூட்டத்தில் அவனுக்கும் ஒரு வாக்கு இருக்கும்.

கே: பனி கொட்டும் நாட்டில் கூரைக்குள்ளே ஏன் ஐஸ் செய்து விளையாட வேண்டும்?
- வாசகர், ஏறாவூர்

ப: கொத்தன்பேர்க் கடலோர நகரம். கடல் காற்று குளிரைக் கொஞ்சம் குறைத்துவிடும். குளிர்காலத்திலும் பல நாள் மழைதான், இன்று உறைந்த குளம் நாளை கரைந்து கிடக்கும், அதை நம்பி ஒரு போட்டியை வைக்க முடியாது. அதனால் கொங்கிறீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்து, அதற்குள் குளிரூட்டிய திரவத்தை ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படைகளாகத் தெளித்துத் தெளித்து உறைய வைக்கிறார்கள். நம் மீன் வாடிகளில் பெட்டிக்குப் போடும் ஐஸ் கட்டி அளவுக்குத் தடிப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான். 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், பக்கத்துக்கு ஆறு பேர், 20 நிமிடமாக மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக இறப்பர் வட்டு, அதையும் ஆட்டத்துக்கு முன் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் துள்ளும்.

இருந்தாலும் திறந்த வெளி ஆசை அவர்களை விட்டுப் போகவில்லை. 2009 டிசம்பர் 28ஆம் திகதி அதே உல்லெவியில் ஃபார்யெஸ்டாட் அணியோடு விளையாடினார்கள். 31,144 பேர் வந்தார்கள், ஃப்ரோலுண்டா 4-1 என்று வென்றது.

கே: அந்த அணிக்கு 'இந்தியன்ஸ்' என்று பெயர் இருந்ததாமே, நம் பக்கத்து இந்தியாவோடு ஏதும் தொடர்பா?
- வாசகர், காரைதீவு

ப: இல்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறித்த பெயர் அது. பெயரில் உள்ள 'மேற்கு'க்கும் அறுபதுகளில் அவர்கள் ஆடிய முரட்டு ஆட்டத்துக்கும் சேர்த்துக் கௌபோய் படங்களின் 'காட்டு மேற்கு' என்று பட்டம் வந்தது, அதில் இருந்து 1995இல் இந்தியன்ஸ் ஆனது. ஒரு மக்கள் கூட்டத்தை விளையாட்டுச் சின்னமாக வைத்திருப்பது சரியில்லை என்ற பேச்சு வலுத்தபின் 2021இல் அதைக் கைவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

கே: எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் காசு சட்டைக்கும் கோப்பைக்குமே முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இல்லை. ஃப்ரோலுண்டாவிடம் நாம் எடுக்க ஏதும் உண்டா?
- கழகச் செயலாளர், திருக்கோவில்

ப: உண்டு, நீங்களே பாதியைச் சொல்லிவிட்டீர்கள். அவர்களின் பேர் முழுக்க இளையோர் பிரிவால் வந்தது. ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட், ஜோயல் லுண்ட்குவிஸ்ட் என்ற இரட்டையர்கள் அந்த இளையோர் அணியில் வளர்ந்தவர்கள். கோல் காப்பாளர் ஹென்ரிக் நியூயோர்க் போய்ப் பெரும் புகழ் பெற்றார், ஜோயல் கழகத்தோடு நான்கு தங்கம் கண்டார், பின்னாளில் கப்டனாகவும் இருந்தார். 2018இல் வட அமெரிக்க லீக் அணிகள் புது இளம் வீரர்களைத் தெரிவு செய்தபோது முதல் ஆளாகத் தெரிவான ராஸ்முஸ் டாலினும் அங்கே வளர்ந்தவர்தான். இவர்களுக்குப் பின்னால் சம்பளம் இல்லாத பெற்றோரின் உழைப்பு இருக்கிறது, அந்த நாட்டில் பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடும் தகப்பன்தான் பிறகு போய்க் கோப்பிக் கடையில் நின்று கழகத்துக்குக் காசு சேர்ப்பார்.

உங்களிடம் ஐஸ் தளத்துக்குக் கட்டும் மின்சாரச் செலவு இல்லை, கடற்கரை மணல் இருக்கிறது. அடுத்த முறை காசு வரும்போது அனுப்புகிறவரிடமே கேட்டு, ஒரு பங்கைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பந்துக்கும் ஒரு பயிற்றுநரின் போக்குவரத்துச் செலவுக்கும் என்று தனியாக எழுதி வையுங்கள். கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், ஃப்ரோலுண்டாவுக்கும் இப்போது மேல் பிரிவில் ஆடும் பெண்கள் அணி இருக்கிறது. தை பிறந்ததும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.