தோளும் இடுப்பும் ஒரே வகையா?

அன்புள்ள சார்,

என் தம்பி வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிறான், கோல்கீப்பர். பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தட்டும்போது வலது தோள் இறங்கிவிட்டது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை கூட ஆடிய அண்ணன்களே இழுத்து உட்காரவைத்தார்கள். அவன் பாடப்புத்தகத்தில் தோள், இடுப்பு இரண்டுமே பந்துக்கிண்ண மூட்டு என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இடுப்பு ஏன் இப்படிக் கழல்வதில்லை?

ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

பாடப்புத்தகம் மூட்டுகளைக் கட்டம் போட்டு, இரண்டு மார்க்குக்குத் தோதாக முடித்துவிடும். முழங்கை கீல் மூட்டு, கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு, கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே முளை மூட்டு. எல்லாம் சரிதான். ஆனால் ஒரே கட்டத்துக்குள் அடைத்த இரண்டு மூட்டுகள் எவ்வளவு வேறு என்பதை அது சொல்வதில்லை.

இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் தடித்த நார் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றப் பெரும்பாலும் வண்டி விபத்து மாதிரி பலம் வேண்டும். தோளிலோ குழி என்பது பெயருக்குத்தான். பாட்டில் மூடிமேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. மேல்கை எலும்பின் தலையில் கால்வாசி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் குழியைத் தொடுகிறது. மீதிப் பிடிமானம் எலும்பில் இல்லை: குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம், மூட்டைப் பொதிந்திருக்கும் உறை, தலையைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கும் நான்கு தசைகள்.

அந்தக் குழியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோள்பட்டை எலும்பே முதுகில் சறுக்குகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 அதன் பங்கு. மொத்தக் கையும் உடம்போடு எலும்பும் எலும்புமாகச் சேர்வது, காறையெலும்பு நெஞ்செலும்பைத் தொடும் ஒரே இடத்தில். இவ்வளவு தளர்வு இருப்பதால்தான் உங்கள் தம்பியின் கை கோல்போஸ்ட் மூலைவரை போகிறது. இடுப்பு ஆளைச் சுமக்க வேண்டும், அதற்கு இந்த சௌகரியம் கட்டுப்படியாகாது.

கை உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது அடிபட்டால் மேல்கை எலும்பின் தலை முன்பக்கமாக நழுவும். தோள் இறங்குவதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இப்படித்தான். போகிற போக்கில் முன்விளிம்பு வளையத்தையும் கிழித்துவிடும். அது பழைய இடத்தில் சரியாக ஒட்டாமல் போவதுண்டு. இளவயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்க இது முக்கியக் காரணம். பையனுக்கு பலம் போதவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த அண்ணன்கள். நல்ல மனசுதான், ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால் இழுப்பது வினையாகிவிடும். மேல்கையைச் சுற்றிப்போகும் நரம்பும் அடிபடலாம். வெளிப்புறத் தோல் மரத்திருந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இனி இறங்கினால் கையைத் துண்டால் கழுத்தோடு தாங்கக் கட்டி, நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு முறை ஆகிவிட்டதால் இப்போதே ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டி, கிழிந்த வளையத்தைத் தைக்க வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். அதுவரை கோலில் வேறு யாராவது நிற்கட்டும்.