கேமராவில் தெரிந்த அம்மா

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். கடன் அடைந்துவிட்டது. சொந்த வீடு, கார் இருக்கிறது. பையன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஆனாலும் எதிலும் திருப்தி இல்லை. 22 வயதில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தபோது இருந்த சந்தோஷம்கூட இப்போது இல்லை. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. அம்மா காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார், கூப்பிட்டால் வர மறுக்கிறார். பாதுகாப்புக்குக் கேமரா மாட்டி, தினமும் செல்போனில் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம்கூட ராத்திரி ஒரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வயது ஏறினால் இந்த வெறுமை தானாகச் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, ராத்திரி ஒரு மணிக்கு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்? போன் செய்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. "ஏனுங்கம்மா, தூக்கம் வர்லீங்களா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? டெலிவரி என்னாச்சு என்று பார்ட்டி கூப்பிட்டால் அந்த நேரத்திலும் எடுத்துப் பேசுகிறவர்தானே நீங்கள்? உங்களுக்கும் தூக்கமில்லை, அவருக்கும் தூக்கமில்லை. முக்கால் மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வெறுமை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

கேமராவைக் குறை சொல்லவில்லை. 2024-ல் பல்லடம் பக்கமும் 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, பெரியவர்களைத் தனியாக விட்டுவைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆனால் அது திருடனுக்காக மாட்டியது. நீங்கள் பார்க்கிற நேரம் அம்மாவுக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு மகன் வரவில்லை, அவ்வளவுதான்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். பிளான்ச்பிளவர், ஆஸ்வால்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-ல் பல நாட்டுக் கணக்குகளை வைத்து, வாழ்க்கைத் திருப்தி நாற்பதுகளில் அடிமட்டத்துக்குப் போய்ப் பிறகு ஏறுகிறது என்று எழுதினார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. இதைச் சொல்லி உங்களைத் தேற்றி அனுப்பிவிடலாம். மாட்டேன். ஊர் சராசரி ஏறினால் நீங்களும் ஏறிவிடுவீர்கள் என்று என்ன நிச்சயம்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, எழுநூறு சொச்சம் ஆண்களை வாலிபத்திலிருந்து முதுமை வரை தொடர்ந்து கவனித்தது. 80 வயதில் யார் திடமாக இருப்பார் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அந்த வயதில் உறவுகளில் அவர்களுக்கு இருந்த திருப்தியே சரியாகக் காட்டியது. உங்களுக்கு 50 வர இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

அம்மா கதை வேறு. முதுமையில் மனிதர்கள் பழகுகிற வட்டத்தைத் தாங்களாகவே சுருக்கிக்கொண்டு, மனசுக்கு நெருக்கமான நாலு பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்கிறார் உளவியல் அறிஞர் லாரா கார்ஸ்டென்சன். அதில் அவர்களுக்கு வருத்தமில்லை, நிம்மதிதான். அந்த நாலு பேரும் வராமல் போனால்தான் கஷ்டம். உங்கள் அம்மாவுக்கு ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருப்பவர்களில் நீங்கள் ஒருவர்.

22 வயதில் சந்தோஷமாக இருந்தேன் என்கிறீர்களே, சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் எந்த ஊருக்கு பஸ் ஏறினீர்கள்? அதே ஊருக்குத்தான் இப்போதும் போகச் சொல்கிறேன், காரில். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி அங்கேயே தங்குங்கள். தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதெல்லாம் ஆகாது. மனைவி வந்தால் நல்லது, வராவிட்டால் அதைச் சாக்காக்காதீர்கள். பெற்றவளைப் பார்ப்பது பெற்ற பிள்ளையின் வேலை, அதை மருமகள் தலையில் கட்டும் நம் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அவரைத் திருப்பூருக்கு இழுக்கவும் வேண்டாம். எப்போது தண்ணி பாய்ச்சுவது, எந்தக் கன்றை விற்பது என்று அங்கே அவர் முடிவு செய்கிறார். உங்கள் வீட்டு மாடியில் அவர் எதை முடிவு செய்வார், டிவி சேனலையா?

இன்னொன்று. வயதானால் தூக்கம் குறையும் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். முட்டிவலியாக இருக்கலாம், சர்க்கரையால் அடிக்கடி எழுந்திருப்பதாக இருக்கலாம், நான்கு வருடத் துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கவும் கூடும். திங்கட்கிழமை காலை யூனிட் திறக்க ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை, அவர் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, நீங்களே கூடப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.