கண்டாங்கி குவில்ட்டில் தொங்கும் நூலை வெட்டலாமா?

கேள்வி: அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கொடுத்து, பேத்திக்காக ஒரு குவில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்து வாங்கினேன். கூலி 3,500 ரூபாய். வீட்டில் விரித்துப் பார்த்தால் மேலும் கீழும் நூல் நூலாகத் தொங்குகிறது. தைத்தவரிடம் கேட்டேன். "பிசிறுதானே ஆச்சி, கத்தரியால் வெட்டிவிடுங்கள்" என்கிறார். வெட்டலாமா? பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?
- கோட்டையூர் வாசகி

பதில்: இப்போதைக்குக் கத்தரியை எடுக்காதீர்கள் ஆச்சி. துவைக்கவும் போடாதீர்கள்.

தொங்குவதெல்லாம் பிசிறு அல்ல. முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில் குவில்ட்டை விரித்து, ஒரு நூலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது துணிப் பிசிறு, போகட்டும். இழுக்கும்போது பக்கத்துத் தையல் சுருங்கினால் அது தையலின் முனை. மேல் நூல் ஒன்று, அடியில் பாபின் நூல் ஒன்று என்று இரண்டும் இருக்கும். முடிச்சில்லாத அந்த முனையை ஒட்ட வெட்டினால் தையல் ஒவ்வொன்றாகக் கழலும். என் ஆயா சேலையில் தைத்த போர்வையில் இப்படி வெட்டிவிட்டேன். மூன்றாவது சலவையில் ஒரு வரித் தையல் முழுவதும் போய், உள்ளே பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தடவினால் மனசு கஷ்டப்படுகிறது.

பணத்தை விட, சரிசெய்து தரச் சொல்லிக் கேட்பதுதான் நல்லது என்பேன். பணம் திரும்பி வரலாம், வெட்டிய சேலை திரும்பாது. "பிசிறு எடுங்கள்" என்று சொல்லாதீர்கள், கத்தரியோடுதான் வருவார்கள். "நூல் முனைகளை முடிச்சுப் போட்டு, பஞ்சுக்குள் இழுத்து மறைத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம். கூலிக்குத் தைத்துத் தருவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். பில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், தர மறுப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

நீங்களே செய்துகொள்ள நினைத்தாலும் முடியும், பொறுமைதான் வேண்டும். மேல் நூலை லேசாக இழுத்தால் பாபின் நூல் சின்னக் கண்ணியாக மேலே எட்டிப் பார்க்கும். ஊசி முனையால் அதைக் கொக்கி போட்டு வெளியே எடுங்கள். இரண்டு நூலையும் சேர்த்து, துணியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு முடிச்சு. பிறகு இரண்டையும் காது பெரிய ஊசியில் கோத்து, கடைசித் தையல் வந்த அதே துளையில் இறக்குங்கள். ஊசி அடித்துணிக்குப் போகக்கூடாது. இடது கையை அடியில் வைத்துக்கொண்டால் குத்துவது தெரிந்துவிடும். பஞ்சுக்குள்ளேயே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் ஓட்டி மேலே எடுத்து, சுண்டி இழுங்கள். முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். நூலை விறைப்பாகப் பிடித்தபடி இப்போது ஒட்ட வெட்டுங்கள். முனை தானாக உள்ளே போய்விடும்.

கண்டாங்கியில் அரக்கும் கடுகு மஞ்சளும் அடுத்தடுத்து வருமே, அங்கே கவனம். கருப்பு நூலை மஞ்சள் துணிக்கு அடியில் ஓட்டினால் நிழல் மாதிரித் தெரியும். அரக்குப் பக்கமாகவே திருப்பி ஓட்டுங்கள்.

நூல் ஊசியில் கோக்க முடியாத அளவு குட்டையா? வெறும் ஊசியை முதலில் பாதி தூரம் பஞ்சுக்குள் ஓட்டி நிறுத்துங்கள். வெளியே நிற்கும் காதில் நூலைக் கோத்து, அப்புறம் ஊசியை இழுங்கள். அதற்கும் எட்டாமல் ஏற்கெனவே ஒட்ட வெட்டியிருந்தால், அந்த முனையில் இரண்டு அங்குலத் தையலைப் பிரித்து நீளம் உண்டாக்கிக்கொள்வதுதான் வழி. பிரித்த இடத்தைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு மூடிவிடலாம்.

கேள்வி: குவில்ட் தைத்து விற்கிறேன். கண் பார்வை குறைகிறது. காதின் மேல் பிளவு வைத்து, நூலை அழுத்தினாலே கோத்துக்கொள்ளும் ஊசி வாங்கலாமா?
- தேவகோட்டை வாசகி

பதில்: நூல் முனை மறைக்கும் வேலைக்கு மட்டும் வாங்குங்கள். அந்தப் பிளவின் விளிம்பு பருத்தி நூலை அரித்துப் பிய்க்கும், பாலியஸ்டர் நூல் தாங்கும். காதும் சாதாரண ஊசியை விடச் சீக்கிரம் உடையும் என்பதால், முதலில் ஒரே ஒரு பாக்கெட் வாங்கிப் பத்து முடிச்சு போட்டுப் பாருங்கள். இன்னொன்று: தைக்கும்போதே தொடக்கத்திலும் முடிவிலும் ஆறு அங்குல நூல் விட்டு வெட்டினால், எந்த ஊசியில் கோப்பதும் பாதி சுலபமாகிவிடும்.